ஐஎஃப்எஸ்சி போன்ற பெரிய லுக்கப் அட்டவணைகளை மிடில்வேரில் எங்கே, எப்படி வைப்பது?

மடைமாற்றி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் நிறுவனத்தில் சப்ளையர்களுக்கான பணப்பட்டுவாடாக் கோப்புகள் ஈஆர்பி என்னும் நிறுவன நிர்வாக மென்பொருள் அமைப்பிலிருந்து புறப்பட்டு, ஜாவாவில் இயங்கும் மிடில்வேர் (அமைப்புகளுக்கிடையே தரவை வடிவம் மாற்றி அனுப்பும் இடைநிலை மென்பொருள்) வழியாக வங்கிக்குச் செல்கின்றன. கோப்பின் ஒவ்வொரு வரியிலும் சப்ளையரின் வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீடு இருக்கும். அதை வைத்து வங்கியின் பெயரையும் கிளையின் பெயரையும் நிரப்பி, வங்கி கேட்கும் எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாற்றுகிறோம். இதற்கான லுக்கப் (குறியீட்டைக் கொடுத்து விவரத்தைத் தேடி எடுக்கும்) அட்டவணையில் ஏறத்தாழ 1,70,000 வரிகள் உள்ளன. அட்டவணை முழுவதும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக மாப்பிங் (வடிவ மாற்ற) தொகுப்புக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது; எக்ஸ்எம்எல்லை வடிவம் மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி மொழியில் எழுதிய நிரல் அந்தக் கோப்பைத் திறந்து, பணப்பட்டுவாடா வரி ஒவ்வொன்றுக்கும் அதில் தேடுகிறது.

நாள்தோறும் வரும் சிறிய கோப்புகளில் தாமதம் அவ்வளவாகத் தெரிவதில்லை. மாத இறுதியில் 5,000 வரிகள் வரை கொண்ட கோப்பு வரும்போது மாப்பிங் மட்டுமே பல நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று கோப்புகள் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் சர்வரின் நினைவகம் நிறைந்து மற்ற இன்டர்ஃபேஸ்களும் (அமைப்புகளுக்கிடையிலான பிற தரவுப் பாதைகளும்) சேர்ந்து முடங்குகின்றன. இதற்கு மேல், ரிசர்வ் வங்கி தனது கிளைப் பட்டியலைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அட்டவணைக் கோப்பை மாற்றி, மாற்ற ஒப்புதல் பெற்று, தொகுப்பை மறுபடியும் டிப்ளாய் செய்ய வேண்டியிருக்கிறது.

இரண்டாவதாக இன்னொரு அட்டவணையும் இருக்கிறது. நிறுவனம் வெவ்வேறு காலங்களில் வாங்கிய பிரிவுகளுக்கெனப் பழைய ஈஆர்பி அமைப்புகள் சில இன்னும் இயங்குவதால், அவற்றின் சப்ளையர் எண்ணுக்கும் இப்போதைய மைய அமைப்பின் எண்ணுக்கும் இடையிலான பொருத்தப் பட்டியல் ஒன்றைப் பராமரிக்கிறோம். அதில் 12 லட்சம் வரிகள் உள்ளன. நாள் முழுவதும் புதிய வரிகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. இப்போது அது தரவுத்தளத்தில் இருக்கிறது. வரிக்கு ஒரு வினவல் என்ற முறையில் எடுக்கிறோம்.

இரண்டையும் சேர்த்து ரெடிஸ் போன்ற பொதுவான கேஷ் (தரவை நினைவகத்தில் வைத்து வேகமாகத் தரும் சேமிப்பு) ஒன்றுக்குக் கொண்டுபோய்விடலாம் என்பது எங்கள் குழுவில் சிலரின் கருத்து. அதற்குத் தனியாக ஒரு சர்வரும் அதைப் பராமரிக்க ஆளும் வேண்டும் என்பதால் முடிவெடுக்கத் தயங்குகிறோம். இத்தகைய பெரிய அட்டவணைகளைக் கையாண்ட அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

தரவுத்தச்சன் எழுதியது:

வணக்கம் மடைமாற்றி. நீங்கள் தந்த எண்களை வைத்து முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

எக்ஸ்எஸ்எல்டியில் இந்தக் குறியீடு உள்ள வரியை எடு என்று நிபந்தனையிட்டுத் தேடும்போது, செயலி தானாகவே மேம்படுத்தும் வகையைச் சேர்ந்ததாக இல்லாவிட்டால், அது அட்டவணையை முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போகும். 5,000 வரிகளுக்கும் 1,70,000 வரிகளைப் புரட்டினால் 85 கோடி ஒப்பீடுகள் ஆகின்றன. முதல் பொருத்தம் கிடைத்ததும் நிறுத்திவிடும் செயலியாக இருந்தாலும் சராசரியாக அதில் பாதியாவது தேறும். உங்கள் பல நிமிடத் தாமதத்துக்கு இதுவே முதன்மையான காரணமாக இருக்க வேண்டும். இதற்கான மருந்து எக்ஸ்எஸ்எல்டியின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பான 1.0இலேயே இருக்கிறது: கீ என்னும் அறிவிப்பைப் பயன்படுத்தி அட்டவணைக்கு ஒரு சுட்டெண்ணை உருவாக்கிக்கொண்டால், அதைக் கட்ட ஒரு முறை 1,70,000 வரிகளைப் பார்த்த பிறகு ஒவ்வொரு தேடலும் ஏறக்குறைய நேரடியாக உரிய வரியில் போய் நிற்கும். நிரலில் சில வரிகள்தான் மாறும் என்பதால், அடுத்த மாத இறுதிக்குள் வேறு எதையும் தொட முடியாத நிலையில் இருந்தால் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

ஆனால் இதோடு வேலை முடிந்துவிடாது. பெரும்பாலான மிடில்வேர்களில் ஒவ்வொரு செய்திக்கும் (அதாவது உள்ளே வரும் ஒவ்வொரு கோப்புக்கும்) மாப்பிங் புதிதாகத் தொடங்குகிறது. அட்டவணைக் கோப்பைப் பகுப்பதும், நினைவகத்தில் மரமாகக் கட்டுவதும், சுட்டெண் போடுவதும் செய்திக்கு ஒரு முறை நடக்கும். ஒரே ஒரு வரி கொண்ட அவசரப் பணப்பட்டுவாடா வந்தாலும் ஒரே ஒரு குறியீட்டைத் தேடுவதற்காக 1,70,000 வரிகளும் பகுக்கப்படும். மூன்று கோப்புகள் ஒன்றாக வந்தால் மூன்று மரங்கள் நினைவகத்தில் நிற்கும். எக்ஸ்எம்எல் மரத்தில் ஒவ்வொரு தனிமத்துக்கும் பெற்றோர், உடன்பிறப்பு, பெயர்வெளி என்று பல சுட்டிகள் இருப்பதால், கோப்பின் அளவைப் போலப் பல மடங்கு இடத்தை அது பிடித்துக்கொள்ளும். நீங்கள் சொன்ன நினைவக நெருக்கடிக்குக் காரணம் அட்டவணையின் அளவைக் காட்டிலும் அது வைக்கப்பட்டுள்ள வடிவமே.

அதே அட்டவணை சாதாரண ஹாஷ்மேப்பாக (குறியீட்டைக் கொண்டு உரிய வரியை நேரடியாக எடுக்கும் ஜாவா அமைப்பாக) இருந்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பாருங்கள். 64 பிட் ஜேவிஎம்மில் (ஜாவா நிரல்களை இயக்கும் மென்பொருளில்), சுருக்கப்பட்ட சுட்டிகளுடன், ஜாவா 9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் 11 எழுத்துகள் கொண்ட ஒரு குறியீட்டுக்கு 56 பைட்டுகள் தேவை. ஹாஷ்மேப்பின் கணு ஒன்றுக்கு 32 பைட்டுகள். கிளைப் பெயருக்குச் சராசரியாக 64 பைட்டுகளும், விவரங்களைத் தாங்கும் சிறு பொருளுக்கு 24 பைட்டுகளும் வைத்துக்கொண்டால், வரிக்கு 176 பைட்டுகள். வங்கியின் பெயரை வரிதோறும் தனித்தனிச் சரமாக வைக்காமல், வங்கிக்கு ஒன்றாகப் பொதுவில் வைத்துச் சுட்டிக்கொண்டால் அதற்குத் தனிச் செலவு இல்லை. ஆக மொத்தம் ஏறத்தாழ 30 மெகாபைட். ஜிகாபைட் கணக்கில் நினைவகம் ஒதுக்கப்பட்டுள்ள சர்வரில் இதைப் பெரிய அட்டவணை என்று நான் சொல்ல மாட்டேன். (ஹாஷ்மேப்பை உருவாக்கும்போதே தொடக்கக் கொள்ளளவை 2,62,144 என்று கொடுத்துவிட்டால், வரிகள் சேரச் சேர அது தன்னைத் தானே மறுபடி மறுபடி விரித்துக்கொள்ளும் வேலை மிச்சம்.)

ஆகவே ஐஎஃப்எஸ்சி அட்டவணையைப் பொறுத்தவரை என் பரிந்துரை இதுதான். மாப்பிங்குக்கு வெளியே, சர்வர் தொடங்கும்போது ஒரு முறை ஏற்றப்பட்டு எல்லாச் செய்திகளுக்கும் பொதுவாக இருக்கும் ஒரு மேப்பாக அதை வையுங்கள். அந்த மேப்பை ஏற்றிய பிறகு யாரும் மாற்றக் கூடாது. புதிய பட்டியல் வரும்போது தனியாக இன்னொரு மேப்பை முழுமையாகக் கட்டி, சரிபார்த்து, பொதுவான சுட்டியை மட்டும் புதியதன் பக்கம் ஒரே அடியில் திருப்பிவிடுங்கள். படிப்பவர்களுக்குப் பூட்டு எதுவும் தேவைப்படாது. பழைய மேப்பைப் பயன்படுத்திக்கொண்டிருந்த செய்திகள் முடிந்ததும் குப்பை சேகரிப்பான் அதை அகற்றிவிடும். மாறும் தருணத்தில் இரண்டு பிரதிகளும் நினைவகத்தில் இருக்கும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

---

நெடுவழி எழுதியது:

தரவுத்தச்சன் ஐஎஃப்எஸ்சி பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதே முறையை 12 லட்சம் வரிகள் கொண்ட சப்ளையர் பட்டியலுக்கும் யாரேனும் நீட்டிவிடுவார்களோ என்ற கவலையில் எழுதுகிறேன். இடத்தைப் பொறுத்தவரை அதுவும் நினைவகத்தில் அடங்கக்கூடியதுதான். சிக்கல் அது மாறும் விதத்தில் இருக்கிறது. ஐஎஃப்எஸ்சி பட்டியலை வெளியே ஒருவர் வெளியிடுகிறார், நாம் படிக்கிறோம். சப்ளையர் பட்டியலையோ நம்முடைய இன்டர்ஃபேஸ்களே எழுதவும் செய்கின்றன. காலை 11 மணிக்கு ஒரு இன்டர்ஃபேஸ் புதிய சப்ளையரைப் பதிந்து, அடுத்த நிமிடமே வேறொரு இன்டர்ஃபேஸ் அவருக்கான பில்லைக் கொண்டுவந்தால், நினைவகத்தில் உள்ள பிரதிக்கு அவரைத் தெரிந்திருக்காது.

இந்த வேறுபாட்டைச் சில தயாரிப்புகள் தங்கள் வடிவமைப்பிலேயே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆரக்கிள் நிறுவனத்தின் மிடில்வேரான சோவா சூட்டில் நாட்டுக் குறியீடு, நாணயக் குறியீடு போன்ற அதிகம் மாறாத மதிப்புகளுக்கு டிவிஎம் என்றும், இயக்க நேரத்தில் வளர்ந்துகொண்டே போகும் அடையாள எண்களுக்கு எக்ஸ்ரெஃப் என்றும் இரண்டு தனி வசதிகள் உள்ளன. முன்னது கோப்பாக மெட்டாடேட்டாக் களஞ்சியத்தில் இருக்கும். பின்னது தரவுத்தள அட்டவணையில் இருக்கும். எஸ்ஏபி நிறுவனத்தின் மிடில்வேரான பிஐ, பிஓ பதிப்புகளிலும் சிறிய வேல்யூ மாப்பிங்குகளைக் கையால் பராமரிக்கலாம்; எண்ணிக்கை பெருகினால் வெளியிலிருந்து மொத்தமாக நிரப்பும் ரெப்ளிகேஷன் இன்டர்ஃபேஸைப் பயன்படுத்த வேண்டும். உங்களிடம் இருக்கும் தளம் எதுவாக இருந்தாலும், இரண்டு அட்டவணைகளையும் ஒரே பெட்டிக்குள் போட வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டால் பாதி சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

சப்ளையர் பட்டியல் தரவுத்தளத்திலேயே இருக்கட்டும். அதை அணுகும் முறையை மட்டும் மாற்றுங்கள். வினவல் ஒன்று போய் வர ஒரு மில்லிவினாடி என்று வைத்தால்கூட 5,000 வினவல்களுக்கு 5 வினாடிகள் வலைப்பின்னலிலேயே கரைந்துபோகும். தரவுத்தளம் வேறொரு டேட்டா சென்டரில் இருந்தால் இது நிமிடக் கணக்காகும். இதற்குப் பதிலாக, மாப்பிங் தொடங்குவதற்கு முன்பே ஒரு படியைச் சேர்த்து, கோப்பில் உள்ள சப்ளையர் எண்களையெல்லாம் திரட்டி, மீண்டும் வருபவற்றை நீக்கிவிடுங்கள். ஒரே சப்ளையருக்குப் பல பில்கள் இருப்பது வழக்கம் என்பதால் இந்த ஒரு செயலே எண்ணிக்கையைக் கணிசமாகக் குறைக்கும். மிஞ்சுவதை ஒரே வினவலாகவோ சில வினவல்களாகவோ அனுப்பிப் பெற்று, அந்தச் செய்திக்கு மட்டுமான சிறிய மேப்பாக மாப்பிங்கின் கையில் கொடுங்கள். செய்தி முடிந்ததும் அந்த மேப்பும் போய்விடும். அடுத்த செய்திக்குப் புதிதாக எடுக்கப்படும் என்பதால் பழைய தரவு தங்கும் சிக்கலும் எழாது.

இதில் நடைமுறையில் ஒரு தடை உண்டு. ஆரக்கிள் தரவுத்தளத்தில் வினவலின் இன் (IN) பட்டியலுக்குள் 1,000 மதிப்புகளுக்கு மேல் தர முடியாது என்பது நெடுநாளைய வரம்பு. அண்மைப் பதிப்பில்தான் அதைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து அனுப்புவது எளிய வழி. எண்களை ஒரு தற்காலிக அட்டவணையில் எழுதிவிட்டு, அதைப் பெரிய அட்டவணையோடு ஜாயின் செய்து எடுப்பது எனக்குப் பிடித்த வழி. மதிப்புகளின் எண்ணிக்கைக்கேற்ப வினவலின் உரை மாறிக்கொண்டே இருக்காது, ஆகவே செயல்திட்டத்தைத் தரவுத்தளம் ஒவ்வொரு முறையும் புதிதாக வகுக்க வேண்டியதில்லை. எந்த வழியானாலும், மூல அமைப்பின் பெயர், பழைய எண், புதிய எண் மூன்றும் இந்த வரிசையில் ஒரே இண்டெக்ஸில் இருக்குமாறு அமைத்தால், தரவுத்தளம் அட்டவணையைத் தொடாமலே இண்டெக்ஸிலிருந்து விடை சொல்லிவிடும்.

இல்லை என்ற விடையை மட்டும் கேஷில் சேமிக்காதீர்கள். அது கேஷில் ஒரு மணி நேரம் தங்கியிருந்தால், இடையில் அந்தச் சப்ளையர் பதிவாகிவிட்ட பின்னும் அவருடைய பில்கள் தொடர்ந்து பிழையாகும். ஆய்வு செய்பவர் தரவுத்தளத்தில் பார்த்தால் வரி அங்கே இருக்கும். இதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு எரிச்சலான வேலை என்பதைச் செய்தவர்கள் அறிவார்கள்.

---

ஓடைக்கரை எழுதியது:

ரெடிஸைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சுருக்கமாக ஒன்று. பல செயலிகள், அவையும் வெவ்வேறு மொழிகளில் எழுதப்பட்டவை, ஒரே அட்டவணையைப் பகிர வேண்டியிருந்தால் ரெடிஸ் பொருத்தமானது. பல விசைகளை ஒரே கட்டளையில் கேட்டுப் பெறும் வசதி அதில் இருப்பதால் நெடுவழி சொன்ன மொத்தமாக எடுக்கும் முறையும் அதில் சாத்தியம். உங்களுடையது ஒரே மிடில்வேர். ஐஎஃப்எஸ்சி அட்டவணை அந்த ஜேவிஎம்முக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சப்ளையர் பட்டியலுக்குத் தரவுத்தளம் ஏற்கெனவே இருக்கிறது. பணம் செல்லும் பாதையில் பழுதாகக்கூடிய மற்றொரு பெட்டியைக் கூட்டுவதற்கு இப்போதைக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. வரிக்கு ஒரு கேள்வி என்ற பழக்கத்தை மாற்றாமல் ரெடிஸுக்குப் போனால், அதே 5,000 பயணங்கள் வேறொரு சர்வருக்கு நடக்கும், அவ்வளவுதான்.

---

பற்றுவரவு எழுதியது:

நான் நிரலாளன் அல்லன். நிறுவனமொன்றின் கருவூலப் பிரிவில் இத்தகைய கோப்புகளைப் பெறும் பக்கத்தில் இருப்பவன். மேலே எல்லோரும் வேகத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மாப்பிங் ஐந்து நிமிடம் தாமதமானால் எங்களுக்குப் பெரிய இழப்பில்லை. அட்டவணை தவறான விடையை வேகமாகத் தருவதுதான் எங்களை வாட்டுகிறது. அதனால் அந்த அட்டவணையின் உள்ளடக்கத்தைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஐஎஃப்எஸ்சி 11 எழுத்துகள் கொண்டது. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள்; ஐந்தாவது எப்போதும் சுழியம்; கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். இந்த அமைப்பே தேடலுக்கு முந்தைய முதல் சல்லடை. ஐந்தாம் இடத்தில் சுழியத்துக்குப் பதிலாக ஆங்கில ஓ எழுத்தைத் தட்டச்சு செய்வது அன்றாடம் நிகழும் பிழை. அந்த இடத்தில் சுழியம் தவிர வேறெதுவும் வர முடியாது என்பதால் மிடில்வேரே திருத்திவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். ஓரிடத்தில் கை தவறியவர் மற்ற இடங்களில் தவறவில்லை என்பதற்கு உத்தரவாதம் இல்லை; அதோடு, வழியில் திருத்தப்பட்டுக்கொண்டே இருந்தால் மூலப் பதிவேட்டில் பிழை என்றென்றைக்கும் அப்படியே இருக்கும். திருப்பி அனுப்பி, சப்ளையர் பதிவைத் திருத்தச் சொல்வதே முறை.

அடுத்தது தேதிகள். 2020 ஏப்ரல் 1 அன்று பொதுத்துறை வங்கிகள் பல ஒன்றாக்கப்பட்டன: அலகாபாத் வங்கி சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும், ஓரியண்டல் பேங்க் ஆஃப் காமர்ஸும் யுனைடெட் வங்கியும் பஞ்சாப் நேஷனல் வங்கியோடும் சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பர் 27 அன்று கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் இந்தியாவோடு சேர்ந்தது. ஆனால் வங்கிகள் சேர்ந்த நாளிலேயே குறியீடுகள் மாறிவிடவில்லை. சிண்டிகேட் வங்கியின் பழைய குறியீடுகள் 2021 ஜூன் 30 வரை செல்லுபடியாகி, ஜூலை 1 முதல் செல்லாமல் போயின. இடைப்பட்ட 15 மாதங்களில் ஒரே கிளையைப் பழைய குறியீட்டாலும் அழைக்கலாம் என்ற நிலை இருந்தது. உங்கள் அட்டவணையில் குறியீடு, கிளைப் பெயர் என்ற இரண்டு நெடுவரிசைகள் மட்டுமே இருந்தால் இதை எங்கே எழுதுவீர்கள்? ஒவ்வொரு வரிக்கும் எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை என்ற இரண்டு நெடுவரிசைகளும், அதற்குப் பின் பயன்படுத்த வேண்டிய குறியீடு எது என்ற ஒரு நெடுவரிசையும் அவசியம். தேடும்போது குறியீட்டோடு பணம் செல்ல வேண்டிய தேதியையும் சேர்த்தே தேட வேண்டும். இன்றைய தேதியை அல்ல. வெள்ளிக்கிழமை தயாராகித் திங்கட்கிழமை பணம் செல்ல வேண்டிய கோப்பில் இரண்டும் ஒன்றாக இருக்காது.

சிண்டிகேட் வங்கியின் மாற்றத்தில் தொழில்நுட்பக்காரர்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. பழைய கிளை எண்ணோடு 10,000 கூட்டி, முன்னால் கனராவின் நான்கு எழுத்துகளைப் போட்டால் புதிய குறியீடு கிடைத்துவிடும். ஆயிரக்கணக்கான வரிகளை ஒரே ஒரு விதியாகச் சுருக்கிவிடலாம் என்ற ஆசை இதைப் பார்த்தால் வரும். விதியைக் கொண்டு வரிகளை உருவாக்கிக்கொள்ளுங்கள், தவறில்லை; ஆனால் உருவானதை ரிசர்வ் வங்கியின் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, அட்டவணையில் வரிகளாகவே வையுங்கள். கிளைகள் மூடப்படும், வேறு கிளையோடு சேர்க்கப்படும். அப்போது விதி சொல்லும் குறியீடு இல்லாத கிளையைக் காட்டும்.

பட்டியலை ஏற்றும் இடத்தில் காவல் வேண்டும். எழுத்துகளின் எண்ணிக்கை 11தானா, ஐந்தாம் இடம் சுழியமா, ஒரே குறியீடு ஒரே காலத்துக்கு இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, புதிய பட்டியலைப் பழையதோடு ஒப்பிட்டு எத்தனை வரிகள் சேர்ந்தன, எத்தனை மறைந்தன என்று எண்ணுங்கள்; மறைந்தவை நீங்கள் வைத்திருக்கும் வரம்பைத் தாண்டினால் ஏற்ற மறுத்து, மனிதர் ஒருவரின் ஒப்புதலுக்கு நிறுத்தி வையுங்கள். பாதியில் அறுந்துபோன பதிவிறக்கம் முழுப் பட்டியலைப் போலவே தோற்றமளிக்கும். எக்செல் வழியாக வரும் எந்தப் பட்டியலையும் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள். சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்து சேமித்தாலே எண்களின் முன்னுள்ள சுழியங்கள் மறைந்துவிடும். எஸ்ஏபியில் சப்ளையர் எண் முன்சுழியங்களோடு பத்து இடங்கள் கொண்டது என்பதால், உங்கள் இரண்டாவது அட்டவணை இதில் எளிதாகச் சிக்கும். எண்ணாகக் கருதப்படும் எதிலும் 15 இலக்கங்களுக்கு மேல் எக்செல் நினைவில் வைத்திருக்காது. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் சுழியமாகிவிடும்.

மற்றொன்று: இரவில் எல்லாம் ஓய்ந்திருக்கும்போது அட்டவணையை மாற்றிக்கொள்ளலாம் என்ற பழைய நம்பிக்கைக்கு இப்போது இடமில்லை. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்டும், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸும் 24 மணி நேரமும் விடுமுறையின்றி இயங்குகின்றன. அரை மணிக்கு ஒரு முறை நெஃப்ட் தொகுதி புறப்படுகிறது. தரவுத்தச்சன் சொன்ன, இயங்கிக்கொண்டிருக்கும்போதே சுட்டியைத் திருப்பும் முறை இதற்கு ஏற்றதாகவே எனக்குப் படுகிறது.

---

மடைமாற்றி எழுதியது:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு அட்டவணைகளையும் பிரித்துக் கையாள்வது என்று குழுவில் ஒத்துக்கொண்டோம். கீ அறிவிப்பைச் சோதனைச் சூழலில் சேர்த்துப் பார்த்ததில், 5,000 வரிக் கோப்பு வினாடிகளில் முடிகிறது. எஞ்சியிருக்கும் நேரத்தில் பெரும்பகுதி தரவுத்தச்சன் கூறியபடி அட்டவணைக் கோப்பைப் பகுப்பதற்கே செலவாகிறது. எனவே பொதுவான மேப்புக்கு மாறும் வேலையைத் தொடங்கிவிட்டோம்.

இப்போது எழும் ஐயம் இது. எங்கள் மிடில்வேர் இரண்டு நோடுகளில் (ஒரே வேலையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு சர்வர்களில்) இயங்குகிறது. இரண்டும் புதிய பட்டியலுக்கு ஒரே கணத்தில் மாறுவதை எப்படி உறுதி செய்வது? ஒரு நோடு மாறி, மற்றது மாறாமல் இருக்கும் இடைவெளியில், ஒரே பணப்பட்டுவாடாவின் இரண்டு கோப்புகள் வெவ்வேறு நோடுகளுக்குப் போனால் வெவ்வேறு விடைகள் வருமே? தோல்வியுற்ற செய்தியை மறுநாள் மறுபடி ஓட்டும்போது எந்தப் பட்டியலைப் பயன்படுத்த வேண்டும் என்பதிலும் குழப்பம் இருக்கிறது.

---

தரவுத்தச்சன் எழுதியது:

இரண்டு நோடுகளையும் ஒரே கணத்தில் மாற்ற முயன்றால், அதற்கென்று ஒரு ஒருங்கிணைப்புப் பொறியையே கட்ட வேண்டியிருக்கும். பற்றுவரவு அவர்கள் எழுதியதில் இதற்கான விடை இருக்கிறது: அட்டவணையில் தேதிகள் இருந்தால் நோடுகள் ஒரே கணத்தில் மாற வேண்டிய கட்டாயமே இல்லை. ஜூலை 1 முதல் செல்லாத குறியீட்டைப் பற்றிய வரியை ஜூன் 20 அன்றே இரண்டு நோடுகளிலும் ஏற்றிவிடலாம். ஒன்று காலையிலும் மற்றது மாலையிலும் ஏற்றிக்கொண்டால்கூட, ஜூன் மாதத் தேதிக்கு இரண்டும் பழைய விடையையும், ஜூலை மாதத் தேதிக்குப் புதிய விடையையும் தரும். விடையைத் தீர்மானிப்பது ஏற்றிய நேரம் அன்று. பணம் செல்லும் தேதி. மேப்பில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் எதிரே ஒற்றை வரிக்குப் பதிலாகத் தேதி வாரியாக வரிசைப்படுத்தப்பட்ட சிறு பட்டியலை வைத்து, கொடுத்த தேதிக்கு முந்தையதோ சமமானதோ ஆன கடைசி வரியை எடுத்தால் போதும். பெரும்பாலான குறியீடுகளுக்கு அந்தப் பட்டியலில் ஒரே வரிதான் இருக்கும் என்பதால் செலவு கூடாது.

முன்னறிவிப்பின்றி உடனடியாகச் செல்லுபடியாகும் திருத்தங்களுக்கு மட்டும் இந்த உத்தி உதவாது. அவை அரிது. அப்படிப்பட்ட நாளில் அந்த இன்டர்ஃபேஸின் வரிசையைச் சில நிமிடங்கள் நிறுத்தி, இரண்டு நோடுகளும் ஏற்றியதை உறுதிசெய்துகொண்டு மறுபடி திறப்பதே போதுமானது.

ஒரு செய்திக்குள் மட்டும் விடைகள் முரண்படக் கூடாது. மாப்பிங் தொடங்கும்போதே அப்போதைய மேப்பின் சுட்டியை ஒரு முறை எடுத்து வைத்துக்கொண்டு, கடைசி வரி வரை அதையே பயன்படுத்துங்கள்; வரிக்கு வரி பொதுச் சுட்டியைப் போய்ப் பார்த்தால் கோப்பின் பாதியில் பட்டியல் மாறிவிடக்கூடும். ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு பதிப்பு எண் கொடுத்து, எந்தப் பதிப்பைக் கொண்டு மாற்றப்பட்டது என்பதைச் செய்தியின் தலைப்பிலும் பதிவேட்டிலும் எழுதிவிடுங்கள். தணிக்கையில் இந்த ஓர் எண் பல மணி நேரத் தேடலைத் தவிர்க்கும்.

---

நெடுவழி எழுதியது:

மறுபடி ஓட்டுவதைப் பற்றி: செய்தி எந்த இடத்தில் தோற்றது என்பதைப் பொறுத்தே முடிவு செய்ய வேண்டும். லுக்கப்பில் விடை கிடைக்காமல் மாப்பிங்கிலேயே தோற்றிருந்தால், இப்போதைய பட்டியலைக் கொண்டு மறுபடி மாற்றுங்கள். பழைய பட்டியலில் குறை இருந்ததுதான் தோல்விக்குக் காரணமாக இருக்கும். மாப்பிங் முடிந்து, வங்கிக்கு அனுப்பும் கட்டத்தில் தோற்றிருந்தால் மறுபடி மாற்றவே கூடாது. வங்கி அதை வாங்கிக்கொண்டு ஒப்புதல் மட்டும் நமக்கு வந்து சேராமல் போயிருக்கலாம். வெளியீட்டைச் சேமித்து வைத்து, அதே செய்தி எண்ணோடு எழுத்து மாறாமல் அதையே மறுபடி அனுப்பினால்தான், வங்கியின் பக்கத்தில் உள்ள இரட்டிப்புச் சோதனை அதை அடையாளம் காணும். இந்த இரண்டு வகைத் தோல்விகளையும் உங்கள் தளத்தின் கண்காணிப்புத் திரை ஒரே நிறத்தில் காட்டினால், அட்டவணை வேலையைத் தொடர்வதற்கு முன்னால் அதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.